யாரையும் கேட்க வேண்டாத கடை

பல்லடத்தில் மளிகைக் கடை வைக்க நினைப்பவர் எடைத்தராசுக்கு முத்திரை வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். தொழில் உரிமத்துக்கு நகராட்சியில் பணம் கட்டிவிட்டு நடையாய் நடக்க வேண்டும். தறிக்குடோன் போடுகிறவருக்கு மின் இணைப்பு, கறிக்கோழிப் பண்ணை போடுகிறவருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஆட்சேபம் என்று ஆளுக்கொரு காத்திருப்பு உண்டு. ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நேற்றுவரை சோளத்தட்டு அடுக்கியிருந்த கொட்டகைக்குக் கம்பிக் கதவு போட்டு, கை நுழையும் அளவுக்குச் சந்து விட்டு, அட்டைப்பெட்டிகளை இறக்கினால் மதியம் 12 மணிக்கு வியாபாரம் தொடங்கிவிடும்.

அந்த வியாபாரியைத் திட்டி எழுதாதவர் இல்லை. அவருடைய திறமையை உள்ளபடி எடுத்துச் சொன்னவர்கள்தான் குறைவு. நான் இங்கே புகழத்தான் போகிறேன். எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை, நடந்ததே போதும்.

அந்த வியாபாரி தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுவின் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏலத்தில் கடை எடுத்த தனியார்கள் ஒரே நாளில் விலக, அந்த இடத்தில் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான கடைகளை அரசே நடத்தத் தொடங்கியது. இத்தனை பெரிய கைமாற்றம் இவ்வளவு சிக்கலின்றி நடந்த வேறு அரசுத் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. அதைவிடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. இந்த விற்பனை முழுவதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியபோது எந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தாரோ, அதே சட்டம். நிர்வகிக்கும் துறையின் பெயரிலும் மதுவிலக்கு முதலில் வருகிறது, ஆயத்தீர்வை பிறகுதான் வருகிறது. உடல்நலத்துக்குத் தீங்கு என்று பாட்டிலின் மேலேயே அச்சிட்டு விற்கிறார்கள். தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை நம் கடைவீதியில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இனி உரிமத்துக்கு வருவோம். மதுக்கடைக்கும் உரிமம் வேண்டும். 2003-ல் வகுத்த சில்லறை விற்பனை விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. வாணிபக் கழகம் விண்ணப்பிக்கும், மாவட்ட ஆட்சியர் வழங்குவார். கழகம் அரசுக்குச் சொந்தம், ஆட்சியர் அரசின் அதிகாரி. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வீட்டு ஆட்கள் என்பதால் காகிதம் எங்கும் தேங்குவதில்லை. தெருவில் குடியிருப்பவர் வந்து நடுவில் பேச, விதி வகுத்த நாளில் அந்தக் கோப்பில் இடமே வைக்கவில்லை. நிர்வாகத்தை இதைவிட எளிமையாக்க முடியாது.

இந்த எளிமையின் அருமை தெரிய வேண்டுமானால், நம் ஆட்கள் லண்டனில் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கங்களில் ஈழத்தமிழர்கள் நடத்தும் மூலைக்கடைகள் ஏராளம். பால், ரொட்டி, முருங்கைக்காய், பத்திரிகையோடு பியரும் விற்க ஆசைப்படும் கடைக்காரர் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி உள்ளூர் மன்றத்துக்கு விண்ணப்பிக்கிறார். வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு அடித்து, தெருவில் போகிறவர் நின்று படிக்கும்படி கடை வாசலில் ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். அந்த நாட்களுக்குள் போலீஸ் எதிர்ப்புச் சொல்லலாம், எதிர்வீட்டுப் பாட்டியும் சொல்லலாம். குற்றம் பெருகுமா, பொது இடத்தில் ஆபத்து வருமா, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவா, பிள்ளைகளுக்குத் தீங்கா என்று நான்கு கேள்விகள். எதிர்ப்பு வந்து சமரசம் ஆகாவிட்டால், மன்றத்தின் குழு இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கும். உரிமம் கிடைத்த பிறகும் கடையால் தொல்லை என்றால் மறுபரிசீலனை கேட்கக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. ஆறு பியர் டப்பா விற்கப் போகிற சின்னக் கடைக்கு இத்தனை விசாரணை.

அந்தச் சட்டமும் நம் கழகத்தின் சில்லறைக் கடைகளும் பிறந்தது ஒரே 2003-ல். அங்கே தெருவைக் கேட்கச் சொல்லிச் சட்டம் எழுதினார்கள். இங்கே கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி விதி எழுதினார்கள். எது சுலபமான வழி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

விதிகளில் தூரக் கணக்கும் உண்டு. மாநகராட்சி, நகராட்சிகளில் பள்ளிக்கூடம், வழிபாட்டிடத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று அறிவித்த இடங்களில் இந்தத் தூரமும் பொருந்தாது. தூரத்தை அளந்து சொன்னவர்கள் வருங்காலத்தையும் யோசித்திருக்கிறார்கள். கடை வந்த பிறகு அதன் பக்கத்தில் புதிதாக எழுப்பும் கோயிலோ பள்ளியோ தூரக் கணக்கைக் காட்டிக் கடையை எழுப்பிவிட முடியாது. முன்னால் வந்தவருக்கே இடம் என்ற நியாயம். ஊர் வளரும், பிள்ளைகள் பெருகுவார்கள், பள்ளி தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்துத்தான் கடைக்கு இந்தக் காப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பல்லடம் போல ஆண்டுக்காண்டு விரியும் ஊரில் இந்த முன்யோசனையின் பலன் நன்றாகத் தெரியும்.

நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்படிவதிலும் குறை சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறவர்களையும், அவர்கள் மோதிச் சாகிறவர்களையும் மனத்தில் வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. வழக்குத் தொடுத்தவர்களில் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலுவும் ஒருவர். 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலையை விட்டு எழுந்தன. கோவை–திருச்சி சாலையை நடுவில் வைத்து வளர்ந்த பல்லடம் வட்டாரத்துக்கு இது பெரிய மாற்றம். எழுந்த கடை எங்காவது உட்கார வேண்டுமே. 500 மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது? தோட்டம், தறிக்குடோன், லைன் வீடுகள், பால் சொசைட்டிக்குப் போகும் பாதை, பள்ளிக்கூட வேன் திரும்பும் முனை. சாலையில் குடிக்காதே என்று நீதிமன்றம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றி, கடையை ஊருக்குள் கொண்டு வந்தார்கள். ஊருக்குள் செல்லும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றி எழுதும் வேலையையும் அரசு கூடவே பார்த்தது. கடையை நகர்த்த முடியாத இடத்தில் சாலையின் வகையை நகர்த்தத் தெரிந்திருந்தது. ஆண்டுக்கணக்காகக் காத்து நிற்கும் சத்துணவுப் பணியாளர்களின் கோப்பு இந்த வேகத்தில் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பல்லடம் வட்டத்துச் சாமளாபுரத்துக்கும் அப்படி ஒரு கடை வர இருந்தது. 2017 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. சித்திரை பிறக்க மூன்று நாள் இருந்தது. பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தறிக்குப் போகிறவர்கள், மாடு கன்று பார்க்கிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள். எங்க ஊருக்கு இது வேண்டாமுங்க என்று சொல்வதற்கு அவர்களிடம் 28 நாள் இல்லை, நீலத்தாள் இல்லை, விசாரணைக் குழு இல்லை. தார்ச்சாலை ஒன்றுதான் இருந்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்த பிறகு போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் திரும்பி நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று மாலைக்குள் நாடே அதைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் காது பாதிக்கப்பட்டது என்று செய்திகள் வந்தன.

அந்த அதிகாரி பிறகு காவல் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெற்று, கோவை மாவட்டத்தின் பொறுப்பையே ஏற்றார். பணியில் இருப்பவரைக் கைவிடாத துறை என்ற பெருமையை மறுக்க முடியாது. கடையில் நிற்கும் சூப்பர்வைசரும் சேல்ஸ்மேனும் 2003-லிருந்து பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கைவிடாமை இன்னும் கிடைக்கவில்லை.

கொங்கு நாட்டுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சிறைக்குப் போனபோது அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். நிறுத்தச் சொல்லி வந்தவர்களிடம், அது தன் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகச் சுயமரியாதை இயக்க வரலாறு பதிவு செய்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு முடிவு இரண்டு பெண்களின் கையில் இருந்ததாக ஒப்புக்கொள்ள ஒரு தலைவருக்கு மனம் வந்தது. சொந்த அரசில், ஈரோட்டிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத் தூரத்தில், ஓர் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்தும் எந்தக் கோப்பிலும் அது ஒரு கருத்தாகப் பதியவில்லை. பெரியார் பெயரையும் காந்தி பெயரையும் மேடையில் சொல்லாத கட்சி இங்கே இல்லை. 1921-ல் கள்ளுக்கடை மறியலில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள் என்பதை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

வருமானத்தைப் புகழாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. கடைகளை எடுத்த முதல் ஆண்டான 2003–04-ல் அரசுக்குக் கிடைத்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023–24-ல் அது 45,000 கோடியைத் தாண்டியது, 2024–25-ல் 48,000 கோடியையும் தாண்டியது. இடையில் 2016-ல் ஜெயலலிதா 500 கடைகளை மூடினார், 2017-ல் எடப்பாடி பழனிசாமி 500, 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு 500. விற்கும் நேரமும் காலை 10 மணியிலிருந்து மதியம் 12 மணிக்கு மாறியது. கடை குறைந்தும், நேரம் சுருங்கியும் வருமானம் மட்டும் மொத்தத்தில் ஏறவே செய்தது. இப்படி ஒரு வணிக வித்தையை எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் கற்றுத்தர முடியாது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பல்லடத்தில் நின்று பார்த்தால் புரியும். சோமனூர், பல்லடம் பகுதியில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் 2014-க்குப் பிறகு சரியான கூலி உயர்வு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தம் ஆனது, ஒப்பந்தப்படி கூலி வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். 2025-லும் நிறுத்தினார்கள். மீட்டருக்குச் சில பைசா ஏற அமைச்சர், ஆட்சியர், தொழிலாளர் துறை என்று எத்தனையோ மேசைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. குவாட்டருக்கு 10 ரூபாய் ஏற்ற ஓர் அறிவிப்பு போதும், மறுநாளே அமலுக்கு வந்துவிடும். கூலி ஏறாத வாரத்திலும் குவாட்டர் வாங்கக் காசு இருக்கிறதே என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு எந்தச் செலவிலிருந்து எடுக்கப்பட்டது என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் வீடு வந்து சேரும் வழியில் கடை இருக்கிறதா, கடை கடந்துதான் வீடு இருக்கிறதா என்பது அந்தக் குடும்பத்தின் வாரத்தையே தீர்மானிக்கிறது. கடை எங்கே உட்காரலாம் என்ற கேள்வியை நான் இத்தனை நீட்டிப் பேசுவது அதனால்தான். குடிக்கிறவர் குடிப்பார் என்று சொல்லிவிடலாம். கடை கண்ணில் பட்டுக் குடிப்பவரும் இருக்கிறார், அவரைத்தான் கடையின் இடம் தேர்ந்தெடுக்கிறது.

தொற்றுக் காலத்தில் காட்டிய அக்கறையையும் சொல்லிவிட வேண்டும். 2020 மே 7 அன்று கடைகள் திறந்தபோது ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்றது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், உடனே உச்ச நீதிமன்றம் போய், ஒரு வாரத்தில் தடை வாங்கி, மே 16-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் வரை காத்திருந்தன. பள்ளிகள் அதற்கும் மேல்.

நம் தென்னை மரத்துக்கு மட்டும் இந்தப் பரிவு கிடைக்கவில்லை. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. தன் தோப்பில் இறக்கியதற்கு வழக்கு வாங்கிய விவசாயிகள் கொங்கு நாட்டில் நிறைய. கள் இயக்கத்தின் செ. நல்லசாமி இதைக் கேட்டுக்கேட்டுக் களைத்துவிட்டார். கள்ளுக்கடை வேண்டும் என்பது என் கட்சியல்ல. உழவர் விற்றால் கேடு, அரசு விற்றால் வருவாய் என்ற கணக்கை எந்த ஆட்சியும் மாறாமல் காத்துவந்த உறுதியைக் குறிப்பிடாமல் விடக் கூடாது.

காலிப் பாட்டில் திட்டம் நல்ல திட்டம், இதை எந்த உள்ளர்த்தமும் இல்லாமல் சொல்கிறேன். உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டில் யானையின் கால் கிழிவதும், நம் பக்கத்தில் உழவு மாட்டின் குளம்பு கிழிவதும் குறையும். நீதிமன்றம் விரல் நீட்டிக் கேட்டால் இந்தக் கழகத்தால் நல்லதும் செய்ய முடிகிறது என்பதற்கு அது சாட்சி.

புகழ்ச்சியை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு, பல்லடம் அருகே கள்ளக்கிணற்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் வயதான பெண்கள். தங்கள் இடத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்களை இங்கே குடிக்காதீர்கள் என்று சொன்னதில் வெடித்த தகராறு என்றுதான் செய்தி வந்தது. முன்பகையும் பேசப்பட்டது. குற்றத்தை அளந்து தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் நான் நுழையவில்லை. எந்தக் கடையில் வாங்கிய சரக்கு என்பதும் என் கேள்வியில்லை.

என் கேள்வி வேறு. இங்கே குடிக்காதீர்கள், இங்கே கடை வேண்டாம் என்று சொல்ல ஆசைப்படும் ஒரு குடும்பத்துக்கு அரசு வைத்திருக்கும் இடம் எது? 2003-ல் வகுத்த கோப்பில் இடம் வைக்கவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனுவுக்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்ற ரசீது கிடைக்கும். கிராமசபைத் தீர்மானம் பதிவேட்டில் உறங்கும். மிச்சமிருப்பது இரண்டே வழி. சாலையில் உட்கார்ந்து சொல்லலாம், சாமளாபுரம் சொன்னது. குடித்தவர் முகத்துக்கு நேரே போய், இருட்டில், தனியாகச் சொல்லலாம். அரசு கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டிய எதிர்ப்பை ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் தானே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் விலை எவ்வளவு என்று பல்லடம் பார்த்துவிட்டது.

2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக் கேட்டு செல்போன் கோபுரத்தின் மேல் ஏறிய சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு கீழே வரவில்லை. ஓர் எதிர்ப்பைப் பதிவு செய்ய ஒரு முதியவர் கோபுரம் ஏற வேண்டிய நாட்டில், மனு எழுதும் தாள் மலிவாகத்தான் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் மேசைதான் அன்று இல்லை.

முழு மதுவிலக்கு வருமா, வந்தால் கள்ளச்சாராயம் பெருகாதா என்ற விவாதம் நடக்கட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகு அந்தப் பயத்தை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. 2003 விதிகளைத் திருத்தச் சட்டமன்றமே கூட வேண்டியதில்லை, அரசாணை போதும். புதுக் கடை திறப்பதானாலும், கடையை இடம் மாற்றுவதானாலும், 28 நாளுக்கு முன் அந்தக் கட்டடத்தின் வாசலில் தமிழில் அறிவிப்பு ஒட்டுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள், பெண்கள் வரும் இடம் அதுதான். அந்த ஊரில் குடியிருக்கும் யாரும் எதிர்ப்பு எழுதலாம் என்று வையுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். கிராமசபை வேண்டாம் என்று தீர்மானித்தால் அந்த ஊரில் கடை இல்லை என்று வையுங்கள். விசாரணையை வாணிபக் கழகத்தோடும் ஆயத்தீர்வையோடும் தொடர்பில்லாத ஒருவர் நடத்தட்டும். தூரக் கணக்கில் பின்னால் வந்த பள்ளிக்கும் இடம் கொடுங்கள். ஏற்கனவே இருக்கும் கடையைப் பற்றியும் ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் தெருவைக் கேளுங்கள். எல்லாம் கேட்ட பிறகும் கடை வேண்டும் என்றுதான் ஆட்சியர் முடிவெடுத்தால், ஏன் என்று காரணத்தோடு எழுதி, தன் கையெழுத்தோடு அதே வாசலில் ஒட்டட்டும்.